பால்மரமும் மீன் ஈட்டியும்



இன்றைய பேச்சுக்குக் காரணம் ஒரு படம். கூலாய் வட்டாரத்தில் நான் பணியாற்றும் தோட்டப் பள்ளியில், ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கணக்குப் புத்தகத்தின் கடைசித் தாளில் அதை வரைந்திருந்தான். நீளமான ஒரு கட்டை. அதன் முன் முனையில் தடித்த ரப்பர் வார். கட்டையின் மேலே கூரான கம்பி. கீழே துப்பாக்கிக்கு இருப்பது போல ஒரு விசை.

"என்னப்பா இது?" என்று கேட்டேன்.

"மீன் சுடுற துப்பாக்கி சார். கடலுக்குள்ள முங்கிப் போய்ச் சுடுவாங்களாம். மாமா கைப்பேசியில காட்டுனாரு. நாமளே செய்யலாமா சார்?"

படத்தில் கட்டை, கம்பி, ரப்பர் எல்லாம் அழகாக இருந்தன. விசையை மட்டும் ஒரே கோட்டில் முடித்துவிட்டான். அந்த ஒரு கோட்டைப் பற்றித்தான் நான் இன்று அதிகமாகப் பேசப்போகிறேன். அதற்கு முன் மற்றவற்றைப் பார்த்துவிடுவோம்.

பெயர்தான் துப்பாக்கி. அதில் மருந்தும் இல்லை, தோட்டாவும் இல்லை. நம் பிள்ளைகள் கொய்யா மரத்துக்கடியில் வைத்துக்கொண்டு திரியும் லாஸ்டிக் இருக்கிறதே, அதன் பெரிய அண்ணன் என்று சொன்னால் போதும். லாஸ்டிக்கில் ரப்பரை ஒரு கை இழுத்துப் பிடித்திருக்கிறது. கல் பறக்க வேண்டுமானால் விரலை விடுகிறோம். மீன் துப்பாக்கியில் கைக்குப் பதிலாக ஒரு கொக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான். அந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். பின்னால் அதற்கு வருகிறேன்.

மீனை ஈட்டியால் எடுப்பது புதிய பழக்கம் அல்ல. நம் முன்னோர் எறியுளி என்று ஒரு கருவி வைத்திருந்தார்கள். காய்ந்த மூங்கிலைக் காம்பாகக் கொண்ட கூரிய உளி அது. திமில் என்னும் படகிலிருந்து பரதவர் அதை எறிந்து கொம்புடைய பெரிய மீனைக் குத்திய செய்தி குறுந்தொகையில் வருகிறது. நம் ஜொகூரிலேயே, ஜொகூர் நீரிணையின் சதுப்புக் காடுகளை ஒட்டி வாழ்ந்து வரும் ஓராங் செலெத்தார் மக்கள் ஈட்டியால் மீனும் நண்டும் பிடிப்பதில் பேர்பெற்றவர்கள். பல முனைகள் உள்ள ஈட்டிக்கு மலாய் மொழியில் செராம்பாங் என்று பெயர். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

மேலிருந்து ஈட்டி எறிகிறவருக்கு ஒரு தொல்லை உண்டு. மீன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மீன் இருப்பதில்லை. நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளைகிறது. நேர் மேலிருந்து பார்த்தால் நான்கு அடி ஆழத்தில் கிடக்கும் மீன் மூன்று அடியில் கிடப்பது போலத் தோன்றும். சாய்வாகப் பார்த்தால் ஏமாற்றம் இன்னும் அதிகம். தெரிகிற இடத்துக்குக் கீழே குறி வைக்க வேண்டும். இதைப் பள்ளிக்கூடம் போகாமலே மீனவர்கள் அறிந்திருந்தார்கள். ஒரு தட்டில் ஐந்து காசு நாணயத்தைப் போட்டு, நாணயம் விளிம்புக்குப் பின்னால் மறையும் அளவுக்குத் தள்ளி உட்கார்ந்துகொண்டு, வேறொருவரை மெல்லத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மறைந்த நாணயம் தானே மேலே எழுந்து வருவது போலத் தெரியும்.

நீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கித் தெரியும். கண்ணுக்கும் நீருக்கும் நடுவே கொஞ்சம் காற்று வேண்டும். அதற்காகத்தான் கண்ணாடி. ஜப்பானின் தெற்கே ஒக்கினாவா தீவில் மீனவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே மரத்தைக் குடைந்து, கண்ணாடி பதித்து, முங்கு கண்ணாடி செய்துவிட்டார்கள். அந்தத் தீவின் மீனவர்கள் இரண்டாம் உலகப் போருக்கு முன் சிங்கப்பூரில் வந்து தங்கித் தொழில் செய்ததும் உண்டு. ஐரோப்பாவில் 1930களில்தான் இது ஒரு பொழுதுபோக்காகப் பரவியது. பிரான்சின் தென்கரையில் வாழ்ந்த கை கில்பாட்ரிக் என்ற அமெரிக்க எழுத்தாளர், விமானியின் கண்ணாடியில் மக்கு அடைத்து நீர் புகாமல் செய்து ஈட்டியோடு முங்கினார். 1938ஆம் ஆண்டில் அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். முதலில் சுருள்வில் வைத்த துப்பாக்கிகள் வந்தன. உப்புத் தண்ணீரில் சுருள்வில் துருப்பிடித்தது. போருக்குப் பின் ரப்பர் வார் வைத்தவை பரவின. இன்றும் அவையே மிகுதி.

பணக்காரர் பொழுதுபோக்கு இது என்று நினைத்துவிட வேண்டாம். பிலிப்பைன்ஸ் கரையோரத்து ஏழை மீனவர்கள் இதையெல்லாம் தாங்களே செய்துகொள்கிறார்கள். கட்டை வீட்டு மரம். ரப்பர் பழைய டயர் டியூப். ஈட்டி இரும்புக் கம்பி. கண்ணாடி, மரத்தைக் குடைந்து பசை வைத்து ஒட்டியது. குடும்பத்துக்கு அன்றைய குழம்பு அதிலிருந்து வருகிறது. ஆகவே "நாமே செய்ய முடியுமா?" என்ற மாணவனின் கேள்வி அறிவுள்ள கேள்விதான். முடியும். எப்படி முடிகிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் ரப்பர். இதில் நமக்கு உரிமை உண்டு. 1877ஆம் ஆண்டில் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். பிறகு நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கிய கதை உங்களுக்கே தெரியும். கூலாய்ப் பக்கம் இன்று செம்பனைதான் எங்கும் தெரிகிறது. ஆனாலும் பால் வெட்டிய கைகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன.

மரத்திலிருந்து வழியும் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர்; மீதி பெரும்பாலும் தண்ணீர். அம்மோனியா சேர்த்துக் கெடாமல் வைத்து, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் தண்ணீரைப் பிரித்து, நூற்றுக்கு அறுபது பங்கு ரப்பர் உள்ள கெட்டிப் பாலாக்குகிறார்கள். கையுறையும், மருத்துவமனைக் குழாயும், மீன் துப்பாக்கியின் வாரும் அந்தக் கெட்டிப் பாலிலிருந்தே வருகின்றன.

கோப்பையில் உறைந்த ஒட்டுப்பாலை இழுத்துப் பார்த்திருப்பீர்கள். நீளும், விட்டால் முழுவதும் திரும்பாது. ஏன்? ரப்பர் என்பது மிக மிக நீளமான இழைகளின் குவியல். ஒரு தட்டு இடியாப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் இழைகள் நிமிர்கின்றன. இன்னும் இழுத்தால் ஒன்றை விட்டு ஒன்று வழுக்கிப் போகின்றன. வழுக்கியது திரும்பி வராது. 1839ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை தீர்வதைக் கண்டார். கந்தகம் இழைக்கும் இழைக்கும் நடுவே அங்கங்கே முடிச்சுப் போட்டுவிடுகிறது. இப்போது இழுத்தால் நிமிர முடியும், வழுக்க முடியாது. விட்ட உடனே எல்லாம் பழைய சுருட்டலுக்குத் திரும்புகின்றன. ஈட்டியைத் தள்ளுவது இந்தத் திரும்பும் வேகமே.

வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். ஓர் அகலமான ரப்பர் வளையத்தை உதட்டில் ஒட்டி வைத்துச் சட்டென்று இழுங்கள். சூடு தெரியும். இழுத்தபடி கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு தளர்த்தி உதட்டில் வையுங்கள். குளிர்ச்சி தெரியும். இதை முதலில் எழுதி வைத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் கஃப். ஆண்டு 1805. சிறு வயதில் பெரியம்மையால் பார்வை இழந்தவர் அவர். கண்ணால் பார்க்கிறவர்கள் கவனிக்காததை உதட்டால் கண்டுபிடித்தார். நம் கருவிக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ரப்பரை இழுத்து மாட்டி நெடுநேரம் வைத்திருந்தால் அந்தச் சூடு தண்ணீரில் போய்விடும். இழைகளும் கொஞ்சம் தளர்ந்துவிடும். தள்ளும் வலு குறையும். தேவைப்படும்போது இழுத்து மாட்டுவதே முறை.

"சைக்கிள் டியூப் போதாதா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இன்றைய டியூப்களில் பெரும்பாலானவை பால்மரத்து ரப்பர் அல்ல. பெட்ரோலியத்திலிருந்து செய்யும் பியூட்டைல் என்னும் ரப்பர். அதற்குக் காற்றை விடாமல் வைத்திருக்கும் குணம் உண்டு. ஆனால் இழுத்து விட்டால் சோம்பேறி போலத் திரும்பும். கொடுத்த வேலையில் பெரும் பங்கைத் தனக்குள்ளேயே சூடாக்கி வைத்துக்கொள்ளும். பால்மரத்து ரப்பர் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் குணமுடையது.

அந்த நல்ல ரப்பருக்கும் எதிரிகள் உண்டு. வெயில் ஒன்று. காற்றிலுள்ள ஓசோன் ஒன்று. இழுத்த நிலையில் இருக்கும் ரப்பரில் அது குறுக்கே சின்னச் சின்ன வெடிப்புகளை உண்டாக்கும். மண்ணெண்ணெயும் மசகெண்ணெயும் பட்டால் ஊதிப்போகும். செம்பும் பித்தளையும் ஆகவே ஆகாது; ரப்பர் சீக்கிரம் பிசுபிசுத்துக் கெட்டுவிடும். ஆகையால் வாரின் முனையைச் செப்புக் கம்பியால் கட்டக்கூடாது. நைலான் நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். பயன்படுத்திய பின் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தளர்வாகத் தொங்கவிட வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. வார் 65 சென்டிமீட்டர் நீள்கிறது. தொடக்கத்தில் இழுப்பு ஒன்றுமில்லை. முடிவில் 30 கிலோ. சராசரி 18 கிலோ என்று வைப்போம். 18ஐ 0.65 மீட்டரால் பெருக்கினால் ஏறக்குறைய 12 வருகிறது. அதாவது 12 கிலோ அரிசியை ஒரு மீட்டர் உயரம் தூக்கும் வேலை அந்த வாரில் அடைந்து கிடக்கிறது. அதில் பாதிதான் ஈட்டிக்குப் போகும். மீதி ரப்பரையும் தண்ணீரையும் நகர்த்துவதில் செலவாகும். ஆறு மில்லிமீட்டர் தடிமனும் 130 சென்டிமீட்டர் நீளமும் உள்ள எஃகுக் கம்பி ஏறக்குறைய 290 கிராம் இருக்கும். கணக்குப் போட்டால் அந்த ஈட்டி நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. மணிக்கு 70 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நெடுஞ்சாலையில் போகும் பேருந்து உங்கள் கண்முன் இருக்கட்டும். அந்த வேகம், ஆனால் முனையோ ஊசி.

தண்ணீருக்குள் அந்த வேகம் நீடிக்காது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. நான்கைந்து மீட்டருக்குள் ஈட்டியின் வலு அடங்கிவிடும். அதனால்தான் ஈட்டி ஒல்லியாகவும் நீளமாகவும் இருக்கிறது. முன்புறம் சிறியதாக இருந்தால் தண்ணீர் தடுப்பது குறைவு. மிகவும் ஒல்லியானாலும் ஆகாது. ரப்பர் தள்ளும்போது பாம்பு போல நெளியும், குறி தவறும். முனையில் மடங்கும் முள் ஒன்று உண்டு. உள்ளே போகும்போது படிந்து, மீன் இழுக்கும்போது விரியும். வாலில் ஒரு கயிறு. அது கட்டையோடு கட்டப்பட்டிருக்கும்.

கட்டையைப் பற்றி இரண்டு செய்திகள் போதும். ஒன்று, நேரான இழையுள்ள மரமாக இருக்க வேண்டும். முன் முனையில் ரப்பர், பின் பக்கத்தில் கொக்கி. இரண்டும் சேர்ந்து கட்டையை வில் போல வளைக்கப் பார்க்கும். கட்டையின் உயரத்தை இரட்டித்தால் வளையாத உறுதி எட்டு மடங்கு கூடும். அகலத்தை இரட்டித்தால் இரு மடங்குதான். ஆகவே தட்டையாக வைப்பதைவிட நிமிர்த்தி வைப்பது நல்லது. வீட்டு உத்திரத்தை நிறுத்தி வைப்பதும் இதே காரணத்தால்தான். மற்றொன்று, ஈட்டி போன பிறகு கட்டை மிதக்க வேண்டும், முனையைத் தூக்காமல் மிதக்க வேண்டும். மெராந்தி போன்ற மரம் இதற்குச் சரிப்படும். நம் ரப்பர் மரக் கட்டை மேசை நாற்காலிக்குப் பதப்படுத்தினால் அருமையானது. பதப்படுத்தாமல் ஈரத்தில் போட்டால் பூஞ்சையும் வண்டும் பிடித்துவிடும்.

விசைக்கு வருகிறேன். என் மாணவன் ஒரு கோட்டில் முடித்த இடம்.

எனக்குப் பதினான்கு வயது இருக்கும்போது நானும் என் பெரியண்ணனும் இப்படி ஒன்றைச் செய்தோம். அண்ணன் அப்போது தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். வேலிப் பலகை, சைக்கிள் டியூப், பட்டறைக்குப் பின்னால் கிடந்த கம்பி. விசைக்கு ஒரு தடித்த ஆணி. கம்பியின் வாலில் அராவிய வெட்டில் ஆணி நின்று பிடித்துக்கொள்ளும்; ஆணியைக் கீழே இழுத்தால் கம்பி விடுபடும். பலகையில் மாட்டிப் பார்த்தோம். ஆணி நகரவே இல்லை. ஏன் நகரவில்லை என்று எங்களுக்குத் தெரியாது. ரப்பர் கம்பியை முன்னால் இழுக்கிறது. கம்பி ஆணியை அழுத்துகிறது. அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுக்கு உராய்வு. அழுத்தம் 20 கிலோ என்றால் உராய்வு மட்டும் ஐந்தாறு கிலோ. ஒரு விரலால் இழுக்கும் காரியமா அது?

எளிதாகட்டும் என்று அண்ணன் ஆணியின் மேல்முனையைக் கொஞ்சம் சரிவாக அராவினார். விரலுக்கு எளிதாகிவிட்டது. எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. சரிவு இருந்தால் விரலுக்கு மட்டுமா எளிது? ரப்பருக்கும் எளிதுதான். கம்பி முன்னால் இழுக்க இழுக்க ஆணியைத் தானே கீழே தள்ளிக்கொண்டு வரும்.

குளத்துக் கரையில் அண்ணன் கட்டையின் அடியை வயிற்றில் ஊன்றி ரப்பரை மாட்டினார். கயிறு சிக்கிக்கொண்டது. அதைச் சரி செய்ய இடது கையை முன் முனைக்குக் கொண்டுபோனார். யாரும் விசையைத் தொடவில்லை. கட்டை ஒரு கல்லில் லேசாக இடித்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது. கம்பி அவருடைய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையைக் கிழித்துக்கொண்டு போய்க் குளத்தில் விழுந்தது.

கை பிழைத்தது. ஆனால் இரண்டு மாதம் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. மரத்தைத் தாங்கிப் பிடிக்கவும் கோப்பையைக் கழற்றவும் இடது கை வேண்டும் என்பது வெட்டுகிறவர்களுக்குத் தெரியும். அம்மாவும் அப்பாவும் தங்கள் நிரையோடு அவர் நிரையையும் பார்த்தார்கள். வெயில் ஏறினால் பால் சுருங்கிவிடும்; கடைசி மரங்களில் கோப்பை பாதிகூட நிறையாது. அந்த இரண்டு மாதம் வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நெம்புகோல் பாடம் நடந்தபோதுதான் எங்கள் தவறு என்ன என்று எனக்கு விளங்கியது. விசையை எளிதாக்குவதற்குச் சரிவு வழியல்ல. இரண்டாவது நெம்புகோலே வழி.

நல்ல துப்பாக்கியில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. முதலாவது கொக்கி. அதன் குட்டைக் கை ஈட்டியின் வாலைப் பிடிக்கிறது. நெட்டைக் கை கீழே நீள்கிறது. நெட்டைக் கை நான்கு மடங்கு நீளமானால், மேலே 30 கிலோ இழுத்தாலும் கீழே ஏழரைக் கிலோதான். இரண்டாவது துண்டு விரல் விசை. அதில் ஒரு சிறு படி வெட்டியிருக்கும். கொக்கியின் நெட்டைக் கை அந்தப் படியில் சாய்ந்து நிற்கும். எஃகும் எஃகும் உராய்வதை ஐந்தில் ஒன்று என்று கொண்டால், படியை நகர்த்த ஒன்றரைக் கிலோ போதும். விரல் விசையும் ஒரு நெம்புகோல். அது மூன்று மடங்கு என்றால் விரலுக்கு அரைக் கிலோ. பாருங்கள்: முப்பது, ஏழரை, ஒன்றரை, அரை. பிடிக்கும் முகங்கள் இரண்டும் சரிவில்லாமல் நேராக இருக்கின்றன. ஆகவே ரப்பர் எவ்வளவு இழுத்தாலும் படியைத் தள்ளித் திறக்க அதனால் முடியாது. விரல் ஒன்றுக்குத்தான் அது திறக்கும்.

இதிலும் உலோகம் முக்கியம். மென்மையான இரும்பாக இருந்தால் பத்து இருபது முறைக்குள் விளிம்பு உருண்டுவிடும். உருண்ட விளிம்பு அண்ணன் அராவிய ஆணிதான். அச்சாணித் துளை தளர்ந்து ஆடினாலும் படி முழுதாகப் பிடிக்காது. கடலில் மணல் துகள் ஒன்று உள்ளே போனாலும் கொக்கி பாதியில் நின்று, பிடித்தது போலக் காட்டும். தெரிந்த தொழிலாளர்கள் இந்த ஒரு பகுதியை மட்டும் துருப்பிடிக்காத எஃகில் செய்த ஆயத்தப் பொருளாக வாங்கிக்கொண்டு மற்றதைத் தாங்களே செய்வதற்குக் காரணம் இதுதான். செய்து முடித்ததும் கட்டையைப் பிடிகருவியில் இறுக்கி, முன்னால் மண்மேடு வைத்து, எல்லோரும் பின்னால் நின்றுகொண்டு, முழு ரப்பரையும் மாட்டி, மரச்சுத்தியால் நாலாபக்கமும் தட்டிப் பார்ப்பார்கள். தட்டினால் விடுகிற விசை குப்பைக்குத்தான் போகும்.

அவர்கள் கடைப்பிடிக்கும் வழக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்கு வெளியே ரப்பரை மாட்டுவதே இல்லை. காற்றில் விட்டால் தடுக்க ஒன்றுமில்லாமல் ஈட்டி கயிற்றின் முடிவு வரை போய், கயிறு இழுக்க, எய்தவன் மேலேயே திரும்பி வரக்கூடும். கரைக்கு வருமுன் தண்ணீருக்குள்ளேயே ரப்பரைக் கழற்றிவிடுகிறார்கள். முனைக்கு முன்னால் கை போவதில்லை. தனியாகவும் யாரும் முங்குவதில்லை. மூச்சை அடக்கி முங்குகிறவர், வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டுப் போனால் மேலே வரும் வழியில் முன்னறிவிப்பே இல்லாமல் மயங்கிவிடலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். ஜொகூரில் தண்ணீர் தெளிந்திருக்கும் இடம் என்றால் மெர்சிங்குக்கு எதிரே உள்ள தீவுகள்: ரவா, பெசார், சிபு, திங்கி, பெமாங்கில், அவுர். இவற்றைச் சுற்றியுள்ள கடல் 1994ஆம் ஆண்டில் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கரையிலிருந்து இரண்டு கடல் மைல் வரை அதன் எல்லை. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அங்கே மீன் பிடிப்பது குற்றம்; மீனைக் கொல்லும் ஈட்டி போன்ற ஆயுதத்தை வைத்திருப்பதும் குற்றம். பவளப்பாறைக்குள் வாழும் களவாய் மீன் பெரிதாக வளர நெடுங்காலம் எடுக்கும். இடம் விட்டு இடம் அதிகம் போகாது. ஈட்டிக்காரர் இரண்டு பேர் ஒரு பாறைக்கு நாள்தோறும் வந்தால் பெரிய மீன் எல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பூங்காவுக்கு வெளியே என்றாலும் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இறங்கக்கூடாது. ஆறு குளங்களுக்கு மாநில விதிகள் தனியாக உண்டு.

நம் ஸ்கூடாய் ஆற்றைப் பற்றி விதி எதுவும் பேச வேண்டியதில்லை. மழை பெய்தால் மைலோ நிறத்தில் ஓடுகிறது. கையை நீட்டினால் கை தெரியாது. அதில் முங்கி எந்த மீனைக் குறி வைப்பது? தோட்டத்துக் குளமும் அப்படியே. தூண்டிலே நல்லது.

ஆகவே மாணவனுக்கு நான் சொன்ன பதில் இது: "பெரிதாகச் செய்ய வேண்டாம். சிறிதாகச் செய்வோம்." வகுப்பில் ஒரு சனிக்கிழமை எல்லோருமாகச் செய்தோம். முப்பது சென்டிமீட்டர் மரச்சட்டம். கூரை வெட்டி எறிந்துவிட்டு முனையில் களிமண் உருண்டை வைத்த சாத்தே குச்சி. கடையில் விற்கும் ரப்பர் வளையம் ஒன்று. விசைக்குக் கெட்டிப் பலகையில் வெட்டிய இரண்டு துண்டுகள், இரண்டு சிறு ஆணிகளில் சுழலும்படி. முதல் விசை நிற்கவில்லை. இரண்டாவது விடவில்லை. படியின் முகத்தை உப்புத்தாளால் நேராக்கிய பிறகு மூன்றாவது நின்றது, தட்டினாலும் நின்றது, விரல் வைத்தால் விட்டது.

காற்றில் அந்தக் குச்சி வகுப்பறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவரைத் தொட்டது. பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி உள்ளே வைத்து விட்டோம். இரண்டு சாண் போய் நின்றுவிட்டது. பிள்ளைகள் நம்பாமல் மறுபடி மறுபடி விட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அடிக்கோலால் அளந்து எழுதினார்கள். ரப்பரை எத்தனை சென்டிமீட்டர் இழுத்தால் குச்சி எத்தனை சென்டிமீட்டர் போகிறது என்று ஓர் அட்டவணை கரும்பலகையின் ஓரத்தில் ஒரு வாரம் இருந்தது. படம் வரைந்த மாணவன் தன் பழைய படத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வரைந்து கொண்டுவந்தான். அதில் கட்டை சிறியதாகவும், விசை பக்கம் முழுவதும் பெரியதாகவும் இருந்தது.